படிக்காதவர்களின் விசாரணைக் குழு

சுற்றறிக்கை வந்தால் அதைப் படிக்கக் கூடாது, ஓரத்தில் கையெழுத்தைப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அந்த நூலகத்தில் தண்ணீர் கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரிந்த விஷயம். பதினோரு வருஷம் வேலை பார்த்தும் பசை அக்காவுக்கு மட்டும் அது தெரியாமல் போயிற்று. அவள் படித்துவிட்டாள். படித்ததோடு விட்டாளா, அதில் சொன்னபடி செய்தும் தொலைத்தாள். பிறகு நடந்த கூத்து அத்தனைக்கும் அதுதான் ஆரம்பம்.

பசை அக்கா என்பது நூலகம் வைத்த பெயர். கிழிந்த புத்தகங்களைத் தைத்து, ஒட்டி, முதுகுக்குத் துணி கட்டி மறுபடி அலமாரிக்கு அனுப்புவது அவள் வேலை. வாசக அறையின் கோடியில், ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, ஒரு அழுத்துக்கட்டை, ஒரு டப்பாப் பசை. கையில் எந்நேரமும் பசை உண்டு, பையில்தான் கிடையாது. ஏனென்றால் அவள் தற்காலிக ஊழியர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணி நீட்டிப்பு என்று ஒரு காகிதம் வரும். அப்படி நாற்பத்து நான்கு காகிதங்கள் வந்துவிட்டன. நாற்பத்தைந்தாவதுக்குப் பதிலாக இந்தத் தடவை பணி நிரந்தரம் என்றே வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கோப்பு ஒவ்வொரு மேசையாக நகர்ந்து தலைமை நூலகரின் அறைக்குள் போய், அவருடைய ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றறிக்கை வந்தது. ‘வாசிப்பை மக்கள் இயக்கமாக்கும் பொருட்டு, ஒவ்வொரு ஊழியரும் தாம் படித்து மகிழ்ந்த நூல் ஒன்றைப் பரிந்துரைத்து, அதற்கான காரணத்தைக் கைப்பட ஒரு சீட்டில் எழுதி, நுழைவாயில் பலகையில் குத்துதல் வேண்டும்.’

மற்றவர்கள் விவரமானவர்கள். தலைமை நூலகர் ‘ஆட்சியியலும் அறநெறியும்’ என்ற நான்கு பாக நூலைப் பரிந்துரைத்தார். துணை நூலகர் நிலத்தடி நீர் பற்றிய ஆய்வறிக்கை ஒன்றை. பதிவேட்டு எழுத்தர் ஒரு பன்மொழி அகராதியை. காரணம் என்ற இடத்தில் எல்லோரும் ‘சிந்தனையைத் தூண்டுவது’ என்று ஒரே மாதிரி எழுதினார்கள்.

பசை அக்கா மூன்று நாள் யோசித்தாள். படித்து மகிழ்ந்த நூல் என்று தெளிவாகத்தானே போட்டிருக்கிறது? அப்படியென்றால் சந்தேகமே இல்லை. அவள் ‘ஈரத் துண்டு’ என்ற நாவலின் பெயரை எழுதி, கீழே இப்படிக் காரணம் எழுதினாள்:

‘விவாகரத்து ஆன கணக்குத் தணிக்கைக்காரம்மாவும், அவருக்கு நாற்பத்தொரு வயதில் நீச்சல் சொல்லித்தர வருகிறவரும். முதல் நாற்பது பக்கம் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கணும். அதற்குப் பிறகு அடுப்பைப் பார்த்துக்கொள்ள யாரையாவது நிறுத்திவிட்டுப் படிக்கவும். படுக்கை விஷயங்கள் உண்டு. நன்றாகவே எழுதியிருக்கிறார். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது.’

முதல் வாரம் அறுபத்தோரு பேர் கேட்டு வந்தார்கள். இருந்தது ஆறு பிரதிகள். காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று அந்த நூலகத்தில் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதற்கான நோட்டு, வாங்கிய நாளில் கட்டிய நூலோடு அப்படியே புதுசாக இருந்தது. தையல்கடைக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிற ஒருவர், மாமியாரும் மருமகளுமாகச் சேர்ந்து வந்து ஆளுக்கொரு பிரதி கேட்ட ஒரு குடும்பம் என்று வரிசை வாசல்வரை நின்றது. ‘ஆட்சியியலும் அறநெறியும்’ நூலை யாரும் கேட்கவில்லை. நியாயமாகச் சொன்னால் ஒருவர் கேட்டார். ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்.

இரண்டாவது வாரம் புகார் வந்தது. கொடுத்தவர் ஓய்வுபெற்ற தேர்வு அதிகாரி. முப்பது வருஷம் மற்றவர்கள் எழுதியதற்கெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டவர், ஓய்வுக்குப் பிறகு கோடு போட எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். ‘மேற்படி நூலை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் மனம் புண்பட்டது’ என்று எழுதியிருந்தார்.

உடனே விசாரணைக் குழு அமைந்தது. தலைமை நூலகர் தலைவர். பண்பாட்டு ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார். யாருக்கு என்ன ஆலோசனை சொல்வார் என்று தெரியாது, ஆனால் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவர் ஒரு உறுப்பினர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், பெண் உறுப்பினர் தேவை என்பதால். புகார் கொடுத்த தேர்வு அதிகாரியையும் உறுப்பினராகப் போட்டார்கள். புகார்தாரரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தால் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

முதல் கூட்டத்திலேயே ஒரு சட்டச் சிக்கல். ஆலோசகர்தான் கிளப்பினார்.

“இந்த மாதிரிப் புத்தகத்தைப் படிச்சவங்க மனசு கெட்டுப்போயிருக்கும். மனசு கெட்டவங்க நடுநிலையாத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால படிச்சவங்க யாரும் குழுவுல இருக்கக் கூடாது.”

எல்லோரும் அவசரமாகத் தலையை ஆட்டினார்கள். தேர்வு அதிகாரிக்கு மட்டும் வியர்த்தது. மூன்று முறை படித்ததாகக் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாரே. அவர் தன் புகார் மனுவைத் திரும்ப வாங்கி, ‘படித்தேன்’ என்பதை அடித்துவிட்டு ‘புரட்ட நேர்ந்தது’ என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். மூன்று முறை புரட்ட நேர்ந்தது. சிக்கல் தீர்ந்தது.

ஆனால் படிவம் இருந்தது. ஆட்சேபப் படிவத்தில் பக்க எண், வரி எண், ஆட்சேபத்தின் தன்மை, அளவு என்று நான்கு கட்டங்கள். கட்டங்கள் காலியாக இருந்தால் மேலிடம் திருப்பி அனுப்பிவிடும். படிக்காமல் பக்க எண் எப்படித் தெரியும்? குழு பசை அக்காவைக் கூப்பிட்டனுப்பியது.

“ஏம்மா, ஆட்சேபகரமான பக்கத்தையெல்லாம் நீங்களே அடையாளம் வெச்சுக் குடுத்துடுங்க” என்றார் தலைமை நூலகர்.

“எனக்கு எதுவும் ஆட்சேபமா இல்லையே சார். உங்களுக்கு எது ஆகாதுன்னு சொன்னா தேடிப் பாக்கறேன்.”

இதற்கு ஆலோசகர் ஒரு விளக்கவுரை ஆற்றினார். “உதாரணமா, கதவு சாத்தற வரைக்கும் எழுதலாம். அது இலக்கியம். கதவைச் சாத்தின பிறகு உள்ள போகக் கூடாது. ஒரு எழுத்தாளர் வாசல்லயே நின்னுடணும். அப்புறம் இந்தப் பொத்தான். ஒண்ணு கழண்டா தற்செயல். ரெண்டு கழண்டா சந்தேகம். மூணாவது கழண்டா அது திட்டமிட்ட செயல். அதே மாதிரி, அந்தப் பொண்ணு சந்தோஷப்படலாம், தப்பில்லை. ஆனா அவ சந்தோஷப்பட்டது அவளுக்கே தெரியக் கூடாது. இதெல்லாம் நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்லை. பொதுவாச் சொல்றேன்.”

பசை அக்காவுக்குத் தலை சுற்றியது. கடைசியில் குழுவே ஒரு வழி கண்டது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பிரதியைப் ‘பொறுப்பில் வைத்திருப்பது’. படிப்பதற்காக அல்ல, வைத்திருப்பதற்காக. வரிசையில் நின்று வாங்கிப்போன நர்ஸிடமிருந்தும் தையல்கடைக்காரரிடமிருந்தும் பிரதிகள் திரும்பப் பெறப்பட்டு, உறையிலிட்டு, அரக்கு வைத்து உறுப்பினர்களின் வீட்டுக்குப் போயின.

பத்து நாளில் நான்கும் பழுதுபார்க்க அவள் மேசைக்கு வந்தன.

புத்தகத்தின் முதுகு பொய் சொல்லாது என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்தது. எந்த இடத்தில் அடிக்கடி விரித்துப் பிடிக்கிறார்களோ அந்த இடத்தில் தையல் விட்டுப்போகும். ஆலோசகரின் பிரதியில் நூற்று நாற்பத்து மூன்றிலிருந்து நூற்று ஐம்பத்தொன்று வரை ஒரு கட்டாகக் கையோடு வந்தது. தேர்வு அதிகாரியின் பிரதியிலும் அதே இடம்தான், கூடவே நூற்று நாற்பத்தேழில் ஒரு டீ டம்ளரின் வட்டம். தலைமை நூலகர் அந்தப் பக்கங்களை ஏற்கெனவே ஒட்டுநாடாவால் ஒட்டி, மறுபடி கிழித்து, மறுபடி ஒட்டியிருந்தார். தலைமையாசிரியையின் பிரதி மட்டும் வேறு மாதிரி இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே சீராகத் தளர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் பசை அக்காவுக்கு அந்த அம்மாள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

இரண்டாவது கூட்டத்தில் படிவத்தின் ‘அளவு’ என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது என்று நாள் முழுக்க விவாதம். முத்தத்தை வரிக்கணக்கில் அளப்பதா, நேரக்கணக்கில் அளப்பதா? வரிக்கணக்கு என்றால் எழுத்து பொடியாக இருக்கும் பதிப்பு தப்பித்துவிடும் என்றார் தேர்வு அதிகாரி. நேரக்கணக்கு என்றால் அளந்து பார்க்க வேண்டுமே, யார் பார்ப்பது என்றார் தலைமை நூலகர். ஆலோசகர் மோட்டுவளையைப் பார்த்தார். கடைசியில் அளவுகோல் கொண்டுவந்து சென்டிமீட்டரில் அளந்தார்கள். நூற்று நாற்பத்தாறாம் பக்கம் பதினான்கரை சென்டிமீட்டர் ஆட்சேபகரம் என்று பதிவாயிற்று.

அதோடு முடிந்ததா? ஒரே நூலை வைத்து ஒரு எழுத்தாளரின் உள்நோக்கத்தை நிறுவ முடியாது என்று ஆலோசகர் அபிப்பிராயப்பட்டார். அதே எழுத்தாளரின் பிற நூல்களும், அதே வகையில் எழுதும் பிறரின் நூல்களும் விசாரணைக்கு அவசரமாகத் தேவை என்று பசை அக்காவுக்கு எழுத்து மூலம் உத்தரவு வந்தது. அவள் உத்தரவை மதித்தாள். பதினான்கு நாவல்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுச் செருகி அனுப்பினாள். ‘இதிலிருந்து தொடங்கவும். சூடு கம்மி, பழகிக்கொள்ளலாம்.’ ‘இதில் இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள். அழுகை வரும், கைக்குட்டை வைத்துக்கொள்ளவும்.’ ‘இது வெறும் சூடு. கதை கிடையாது. நேரம் இருந்தால் பார்க்கவும்.’ குழு ஒரு மாதம் கூடவில்லை. உறுப்பினர்கள் பொறுப்பில் வைத்திருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தலைமை நூலகர் அவளைத் தனியாகத் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் அவளுடைய நிரந்தரக் கோப்பு திறந்து கிடந்தது. பக்கத்தில் அச்சடித்த தாள் ஒன்று. தலைப்பு: அறியாமைச் சான்று.

“‘நான் பரிந்துரைத்த நூலை நான் படிக்கவில்லை. அறியாமல் பரிந்துரைத்தேன்.’ அவ்வளவுதாம்மா. ரெண்டே வரி. கீழ ஒரு கையெழுத்து. அடுத்த நிமிஷம் நான் இங்க போட்டுடுவேன்.” அவர் பேனாவை எடுத்துக் கோப்பின்மேல் வைத்தார்.

“படிச்சேனே சார்.”

“யாரும்மா இல்லைன்னது? நம்ம ஊழியர்கள் எல்லாருமே இதுல கையெழுத்துப் போட்டாச்சு. நிலத்தடி நீர், அகராதி, எல்லாத்துக்கும். எல்லாருக்கும் ஒரே நடைமுறை.”

அது உண்மை. அந்தச் சான்றில் எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். அலுவலகத்தில் பல வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் கையெழுத்திட்ட முதல் உண்மை அது.

“நல்லாக் கேட்டுக்கோங்க” என்றார் தலைமை நூலகர், குரலைத் தாழ்த்தி. “படிக்காம பரிந்துரை பண்ணா அது அலுவலகக் கடமை. படிச்சுட்டுப் பரிந்துரை பண்ணாத்தான் அது உள்நோக்கம். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். வியாழக்கிழமை விசாரணை. அதுக்குள்ள யோசிங்க.”

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். ஓடுகிற லிஃப்டின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்லக்கூடியவர். கைகால் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“போட்டுடேன். ரெண்டு வரிதானே?”

“என்ன எழுதியிருக்குன்னு கேட்டீங்களா?”

“என்ன?”

“நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லைன்னு.”

“எந்தப் புத்தகம்? அந்த... ஞாயித்துக்கிழமைப் புத்தகமா?”

“அதேதான்.”

அவருக்குக் காது சிவந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். சண்டை கிடையாது, பிரியத்துக்கும் குறைவில்லை. ஆனால் விளக்கை அணைத்துவிட்டால் இரண்டு பேரும் ஊமை. அவருக்குக் கேட்கத் தெரியாது, இவளுக்குச் சொல்லத் தெரியாது. கல்யாணம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, எல்லார் வீட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ‘ஈரத் துண்டு’ நாவலில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த நீச்சல்காரர், ‘உனக்கு எப்படி வேணும்?’ என்று கேட்கிறார். அவ்வளவுதான். ஒரு வரி. பசை அக்கா அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் பசை டப்பாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்த மத்தியானத்தில், பட்டப்பகல் வெளிச்சத்தில், “ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது” என்று ஆரம்பித்தாள். அவர் சிரிக்கவில்லை. சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டார். புரியாத இடத்தில் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். அதற்குமேல் அங்கே நிற்பது நமக்கு மரியாதையில்லை. சாயங்காலம் அவர்தான் டீ போட்டார், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே. அந்தப் பாட்டை அவள் கல்யாணமான புதிதில் கேட்டதோடு சரி.

“நிரந்தரம் வேணும்தான்” என்றாள் அவள். “பதினோரு வருஷமா வேணும். ஆனா படிக்கலைன்னு எழுதிக் குடுத்தா, அன்னிக்கு நான் பேசினதெல்லாம் யாரு பேசினது? எனக்கு வெக்கமா இல்லை. அவங்க அதை வெக்கப்பட வேண்டிய விஷயமாக்கறாங்க பாருங்க, அதான் பத்திக்கிட்டு வருது.”

அவர் போடாதே என்றும் சொல்லவில்லை, போடு என்று மறுபடி சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை, கூட்ட அறையில் பச்சைத் துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் அவள். ஓரத்தில் தட்டச்சர், விசாரணையில் பேசுவதை எல்லாம் ஒரு சொல் விடாமல் பதிவு செய்ய. ஆட்சேபப் படிவம் அறுபது பக்கம் வந்திருந்தது. கட்டங்கள் அனைத்தும் நிரம்பி வழிந்தன. ஆட்சேபகரமான பகுதிகள் முழுதாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. சில இடங்களில் மூலத்தைவிட விரிவாகவே இருந்தன.

தலைமை நூலகர் எழுந்து நின்று ஆரம்பித்தார். “நூலகம் என்பது அறிவுக்கோயில். நானும் ஒரு நூலைப் பரிந்துரைத்தேன். ‘ஆட்சியியலும் அறநெறியும்’. நான்கு பாகம். எழுத்தெண்ணிப் படித்தவன் நான். அதைப் படித்து யாராவது கெட்டுப்போனார்கள் என்று ஒரு புகார் உண்டா? ஒரு நூலைப் படித்த பிறகு மனிதனிடம் எந்த மாற்றமும் ஏற்படக் கூடாது. அதுதான் தரமான நூல்.”

“சார், ஒரு சந்தேகம்” என்றாள் பசை அக்கா. நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “ரெண்டாம் பாகத்துல நூத்தி அறுபத்தொண்ணுலேருந்து நூத்தி எழுபத்தாறு வரைக்கும் தலைகீழாத் தெச்சிருக்காங்களே. வாங்கின நாள்லேருந்து அப்படித்தான் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா யாரும் சொல்லலை. நீங்க அதை எப்படிப் படிச்சீங்க?”

தட்டச்சுப் பொறி மட்டும் ஓடியது. தலைமை நூலகர் உட்கார்ந்தார்.

தேர்வு அதிகாரி சிவப்புப் பேனாவை மேசையில் தட்டினார். “விஷயத்துக்கு வாங்க. சான்றுல கையெழுத்துப் போடப்போறீங்களா இல்லையா?”

“இல்லை சார்.”

“அப்ப படிச்சீங்க.”

“படிச்சேன். முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். ரெண்டு தடவை.”

“மகிழ்ந்தீங்களா?” இது ஆலோசகர். குற்றம் அதில்தான் இருந்தது.

“ரொம்ப.”

“எந்தப் பக்கத்தில்? பதிவுக்காகக் கேட்கிறேன்.” ஆலோசகர் தன் முன்னால் இருந்த படிவத்தை நூற்று நாற்பத்து மூன்று என்ற இடத்தில் விரித்து வைத்துக்கொண்டார். மூன்று ஆண்களும் மேசையை நோக்கிக் கொஞ்சம் குனிந்தார்கள்.

“நாப்பத்தொண்ணு” என்றாள் அவள்.

மூன்று பேரும் படிவத்தைப் புரட்டினார்கள். அதில் நாற்பத்தொன்று இல்லவே இல்லை.

“அங்க ஒண்ணும் நடக்காது சார். யாரும் யாரையும் தொடக்கூட இல்லை. அந்த ஆள் அவங்ககிட்ட, உனக்கு எப்படி வேணும்னு கேக்கறாரு. அவ்வளவுதான். எனக்கு நாப்பத்தி மூணு வயசு. அதை என்னை யாரும் கேட்டதில்லை. கேக்கணும்னு எனக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவரு நல்ல மனுஷன், யாரும் சொல்லிக்குடுக்கலை, அவ்வளவுதான். எங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித்தரலை. உங்க நாலு பாகத்துலயும் இல்லை, நான் புரட்டிப் பாத்திருக்கேன். இந்தப் புத்தகத்துல இருந்துது. படிச்சுட்டு நான் வீட்ல போய்ச் சொன்னேன். அவரு கேட்டாரு. எங்க வீடு அன்னிலேருந்து நல்லா இருக்கு. நீங்க சென்டிமீட்டர் போட்டு அளந்த பக்கமும் எனக்குப் பிடிச்சுதுதான். நல்லாத்தான் எழுதியிருக்காங்க. அதுல உங்களுக்கும் தையல் விட்டுப்போச்சு, எனக்குத் தெரியும், நான்தான் ஒட்டினேன். ஆனா நீங்க அந்த ஒம்போது பக்கத்தைத்தான் படிச்சீங்க. அதனாலதான் அது உங்களுக்கு அசிங்கமா இருக்கு.”

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியால் துடைத்தார். இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர், யாரையும் பார்க்காமல் மெல்லச் சொன்னார்: “நாப்பத்தொண்ணாவது பக்கமா அது? நான் நாப்பத்திரெண்டுன்னு நெனைச்சேன்.”

பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆனால் திருத்திக்கொள்ளவில்லை.

“இதையெல்லாம் அப்படியே பதிவு பண்ணணுமா சார்?” என்று தட்டச்சர் கேட்டார்.

விதிப்படி அப்படியேதான் பதிவு செய்ய வேண்டும். மூன்று பிரதிகள்.

முடிவு ஒரு மணி நேரத்தில் வந்தது. ‘ஈரத் துண்டு’ பூட்டிய அலமாரியில் வைக்கப்படும். சாவி குழுத் தலைவரின் பொறுப்பில். பரிந்துரைப் பலகை அகற்றப்படும். இனி ஊழியர் எவரும் எழுத்து மூலம் எந்த நூலையும் பரிந்துரைத்தல் கூடாது. பணி நிரந்தரக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காரணம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: ‘மேற்படி ஊழியர் நூலக நூலைப் படித்ததும், அதில் மகிழ்ந்ததும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது.’ தலைமையாசிரியையின் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. கூடவே நாற்பத்தைந்தாவது நீட்டிப்புக் காகிதமும் இணைக்கப்பட்டிருந்தது. கிழிந்த புத்தகங்களை யாராவது ஒட்டத்தானே வேண்டும்.

சாயங்காலம் புருஷன் நூலக வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வரமாட்டார்.

“என்னாச்சு?”

“போச்சு. நிரந்தரம் இல்லை.” சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பதினோரு வருஷம் என்பது சின்ன விஷயமில்லை. தெருவில் நின்று அழுதாள், துடைத்துக்கொண்டாள்.

இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

“என்ன சொன்னே அங்க?”

“எல்லாத்தையும்.”

“என்னைப் பத்தியுமா?”

“உங்களைப் பத்தியும்தான். தட்டச்சு அடிச்சு மூணு காப்பி எடுத்திருக்காங்க.”

அவர் நின்றேவிட்டார். காது சிவந்தது, கழுத்தும் சிவந்தது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் அந்த மூன்று காப்பியையும் படித்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி அவருக்குத் தோன்றியது. பிறகு கேட்டார்:

“நல்லபடியாச் சொன்னியா?”

“ரொம்ப நல்லபடியாச் சொன்னேன்.”

“அப்ப சரி” என்று அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்ததை அவள் பார்த்தாள்.

மறுநாள் காலை வாசக அறையில் நல்ல கூட்டம். பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். பசை அக்கா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் கையில் ஒரு கிழியாத சமையல் புத்தகத்தோடு மேசைக்கு வந்தார். அதை ஒட்டக் கொடுப்பதுபோல நீட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து காதோடு கேட்டார்.

“அக்கா, அந்தப் புத்தகத்தைத்தான் பூட்டிட்டாங்களாமே. அது மாதிரி வேற ஏதாவது இருந்தா...”

“ஏன் இப்படிக் கிசுகிசுன்னு கேக்கறீங்க?” என்றாள் பசை அக்கா. “திருட்டுச் சாமானா வாங்கறீங்க? நிமிந்து நின்னு கேளுங்க.”

நர்ஸ் நிமிர்ந்தார். தயங்கினார். பிறகு, அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே நின்று, வார்டில் நோயாளியின் பெயரைக் கூப்பிடுகிற குரலில் கேட்டார்: “காதல் கதை வேணும்க்கா. படுக்கை விஷயமும் இருக்கணும். நல்லா எழுதினதா வேணும்.”

தலைகள் நிமிர்ந்தன. தலைமை நூலகரின் அறைக் கதவு திறந்தது.

“என்னம்மா இது? பரிந்துரைக்குத் தடை இருக்கு தெரியுமில்ல?”

“எழுத்து மூலம்னு போட்டிருக்கீங்க சார். உங்க உத்தரவை நான் முழுசாப் படிச்சேன். நான் வாயால சொல்றேன்.”

அவள் எழுந்து நின்றாள். கையிலிருந்த பசையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். நர்ஸுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று அவள் நினைக்கவில்லை. கடைசி நாற்காலியில் இருக்கிறவருக்கும் கேட்க வேண்டும்.

“நாலாவது அலமாரி, கீழ்த்தட்டு. நீல அட்டை போட்டது ஒண்ணு இருக்கும். கப்பல்ல சமைக்கறவனும் புருஷனை இழந்த ஒரு டாக்டரம்மாவும். நூறாம் பக்கத்துக்கு மேல சூடு. அதுக்குப் பக்கத்துலயே இன்னும் ஆறு இருக்கு, ஆறையும் நான் படிச்சிருக்கேன், ஒவ்வொண்ணா வந்து கேளுங்க, சொல்றேன். பிடிச்சா வந்து சொல்லுங்க. பிடிக்கலைன்னாலும் வந்து சொல்லுங்க, சண்டை போடலாம். ஆனா படிச்சுட்டு வந்து சொல்லுங்க.”

நர்ஸ் நாலாவது அலமாரிக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.